பக்கவாதம்: வயதும் வாழ்க்கைப் பழக்கங்களும்

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதே பக்கவாதம். 55 வயதைத் தாண்டியபின் ஒவ்வொரு பத்தாண்டிலும் இதன் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வயதை நிறுத்த முடியாது. ஆனால் 32 நாடுகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணிகளே பக்கவாத அபாயத்தில் சுமார் 90 விழுக்காட்டுக்குப் பொறுப்பு என்று கணித்தது. உயர் இரத்த அழுத்தம், புகை, உணவு, உடலுழைப்பின்மை, தொப்பை, சர்க்கரை நோய், மது ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றில் முதலிடம் இரத்த அழுத்தத்துக்கு.

இளவயதில் பக்கவாதம் அரிது என்பதால் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இந்த வயதில் பெரிய எதிரி புகை. நாளொன்றுக்குப் பிடிக்கும் சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட அபாயமும் ஏறுகிறது. கண்ணில் ஒளிக்கீற்றுகள் தோன்றும் வகை ஒற்றைத் தலைவலி உள்ள பெண்கள் புகைபிடித்துக்கொண்டே ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் எடுத்தால் ஆபத்து பன்மடங்காகும். நல்ல செய்தியும் உண்டு: அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், புகையை விட்டவர்களின் பக்கவாத அபாயம் ஐந்தாண்டுகளில் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கியது.

நடுவயதில் ஆட்சி செய்வது இரத்த அழுத்தம். 61 ஆய்வுகளில் பங்கேற்ற பத்து லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வின்படி, 40 முதல் 69 வயது வரை, மேல் அளவு 120 இருப்பவரைவிட 140 இருப்பவர் பக்கவாதத்தால் இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். உயர் அழுத்தத்தால் பெரும்பாலும் தலைவலியோ மயக்கமோ வராது. கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்று வேளைச் சமையலில் சேரும் உப்போடு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் சேர்ந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கு 5 கிராம் வரம்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, எளிதில் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ‘இப்போதுதான் நார்மலாக இருக்கிறதே’ என்று அதைப் பாதியில் நிறுத்துவது பெருந்தவறு. அளவு நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான்.

‘எழுபதுக்கு மேல் என்ன பத்தியம்?’ என்ற பேச்சை எண்கள் ஏற்பதில்லை. முதுமையில் அழுத்தத்தின் விகிதத் தாக்கம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வயதில் பக்கவாதமே மிகுதி என்பதால், அழுத்தத்தைக் குறைத்தால் தப்பிப்போரின் எண்ணிக்கை கூடுதல். 80 வயது தாண்டிய 3,845 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஹைவெட் ஆய்வில், சிகிச்சை பெற்றோரிடையே பக்கவாத இறப்பு 39 விழுக்காடு குறைந்தது.

முதுமையில் வலுக்கும் இன்னொரு காரணம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு. ஃபிரேமிங்ஹாம் கணக்கில், ஐம்பதுகளில் பக்கவாதத்தில் இதன் பங்கு 1.5 விழுக்காடு, எண்பதுகளில் 23.5. மணிக்கட்டில் நாடி தாளம் தப்பித் துடித்தால் ஈசிஜி எடுக்க வேண்டும்.

உப்பையும் இந்த வயதில் மாற்றலாம். சீனாவின் 600 கிராமங்களில், முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்கும் இரத்த அழுத்தம் மிகுந்த, அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு தரப்பட்டது. 2021இல் வெளியான முடிவின்படி பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது.