தின்பண்டம் வாங்கும் உரிமை

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் தென்காசிப் பக்கம் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வரும். பிள்ளைகளை ஐந்தருவியில் குளிக்கவைத்து, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்து, பிரானூரில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். இதில் என்ன அரசியல் என்று சிலர் கேட்பார்கள். அருவியில் குளிப்பது, கடையில் வாங்குவது, ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது ஆகிய மூன்றுமே நாம் போராடிப் பெற்ற உரிமைகள் தோழர்களே.

1901-இல் சிறுவர் அம்பேத்கரும் வீட்டுப் பிள்ளைகளும் கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார்கள். புதுச்சட்டை, புதுச்செருப்பு, கையில் கட்டுச்சோறு. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சாதியைச் சொன்னதும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டை வாடகை கொடுத்துத் தாங்களே மாட்டுவண்டியை ஓட்டிப் போனார்கள். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சோறு இருந்தும் அந்தப் பிள்ளைகள் பட்டினியாகவே படுத்தார்கள்.

நம் மாகாணத்தில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்றது. ஓட்டலையும் கடையையும் அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அந்தக் குறையை அரசியலமைப்பின் 15(2) பிரிவு தீர்த்தது. கடை, பொது உணவகம், விடுதி, பொழுதுபோக்கு இடம், குளியல் துறை என்று ஒவ்வொன்றாக அது எழுதிவைத்தது. மக்களுக்குச் சேவை தர முன்வரும் எவருக்கும் 'கடை' என்ற சொல் பொருந்தும் என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். மறுப்பவருக்குத் தண்டனை என்று 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது.

இவ்வளவும் இருந்தும், 2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். ஊர்க் கட்டுப்பாடாம். பெரியவர்களுக்கு இடையே இருந்த பழைய வழக்கின் பகையைப் பிள்ளைகளின் வயிற்றில் தீர்த்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாதி என்றால் என்ன என்று ஒரு பெட்டிக்கடை பாடம் நடத்தியது.

காணொளி பரவியது, வழக்குப் பதிவானது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என நெல்லை நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இப்படி வெளியேற்ற வழி செய்கிறது. 2015 திருத்தத்துக்குப் பின் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் தனிக் குற்றங்கள். ஆகவே 'ஊர்க் கட்டுப்பாடு' என்று எவர் சொன்னாலும், அவர் ஒரு குற்றத்தின் பெயரைத்தான் சொல்கிறார்.

சட்டம் புத்தகத்தில் மட்டும் கிடந்தால் பிள்ளைக்கு மிட்டாய் கிடைக்காது. பாஞ்சாகுளத்தில் அது வேலை செய்ததற்குக் காரணம், மறுப்பு வெளியே தெரிந்ததும் புகார் வழக்காக மாறியதும்தான். அடுத்த சீசனுக்கு மாலை வகுப்புப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், வேன் கிளம்பும் முன் 15(2) பிரிவை அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். தாங்கள் கேட்பது சலுகை அல்ல என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டு அருவிக்குப் போகட்டும்.