குடத்து ஓலையும் கணக்கு ஓலையும்

ஆள்வோர் நம்மை ஏமாற்றிவிட்டனர் என்று நாம் வருந்தாத தேர்தல் இல்லை. அவ்வருத்தத்தினிடையே உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க விதி வகுத்தனர். 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவராயினர். பிறர் பொருளைக் கவர்ந்தவர்க்கும் அதே விதி.

அம்முறையில் குறையும் உண்டு. அஃது அந்தணர் சபை. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கன்றி ஏனையோர்க்கு அங்கு இடமில்லை. 1951-52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலேதான் இந்நாட்டில் வயதுவந்த ஆண், பெண் அனைவரும் வாக்குரிமை எய்தினர்.

அன்று தகுதியை விதி ஆராய்ந்தது. ஆளைக் குடம் தந்தது. இன்று ஆராய்தலும் தெரிதலும் பெரிதும் நம் கையிலேயே உள்ளன. 2003ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வேட்பாளர்கள் தம் சொத்தையும் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் உறுதிமொழிப் பத்திரத்தில் அளிக்கின்றனர். அதைப் படித்தபின் வாக்களித்தோர் நம்முள் எத்தனை பேர்?

பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த நம்மிடம் வேறொரு குறையும் காண்கிறோம். பிறந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தும் நம்மிற் பலர் செல்வதில்லை. வாழும் ஊர்ப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதுமில்லை. குடத்தில் கையிட்ட சிறுவன்மேல் பழியில்லை. அறிந்து தெரிய வேண்டிய நாமோ அவ்வாறு சொல்லித் தப்ப இயலாது.