வணிகர் எழுத்து: மாங்குளம் முதல் வாரோசு வரை

மதுரை மாவட்டத்து மாங்குளத்தில் உள்ள குன்றின் குகைத்தளங்களில், கணிநந்தர் என்னும் சமண முனிவருக்காகக் கற்படுக்கைகள் அமைக்கப்பெற்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்பெறும் இவ்விடத்துக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் இங்கு வருவதால் வரலாற்று நூல்கள் பெரிதும் அதனையே பேசுகின்றன. அவ்வரசன் பெயருக்கு அணித்தாகவே 'வெள்ளறை நிகமத்தோர்' என்னும் தொடரும் காணக்கிடக்கின்றது. நிகமம் என்பது வணிகர் குழு. தனியொரு செல்வர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டது வேறு. ஒரு குழுவினர் அனைவரும் ஒரே பெயரால் ஒரு செய்தியை ஊரறியச் சொல்வது வேறு. பலர் ஒரு குரலில் பேச வேண்டுமாயின், அதற்கு முன்னர் அவர்கள் தமக்குள் கூடிப் பேசி ஒருமனப்பட்டிருத்தல் வேண்டும். அந்தப் பேச்சு நமக்குக் கிட்டவில்லை. அதன் முடிவு மட்டும் பாறையில் நிற்கின்றது.

அழகர்மலைக்குச் சென்றால் அவ்வணிகர்களைத் தனித்தனியே காணலாம். உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பணித வணிகன் என அவர்கள் பொறித்துள்ளனர். கொழு என்பது ஏர்க்கொழு; அறுவை துணி; பணிதம் வெல்லம் அல்லது கரும்புப் பாகு. கருவூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில் எண்ணெய் வணிகரும், கருவூர்ப் பொன் வணிகரும் முனிவர்க்கு அதிட்டானம் அளித்துள்ளனர். இவ்வரிகளின் அமைப்பு எளியது: ஊர், தொழில், பெயர், அளித்த பொருள். அவ்வளவே. இக்காலத் திருமண அழைப்பிதழ்களில் அணிவகுக்கும் பட்டங்களுக்குப் பழகிய கண்களுக்கு இச்சுருக்கம் சிறிது வியப்பளிக்கும். எனினும் வணிகர் ஒருவர் தம்மை அறியாத வழிப்போக்கருக்குச் சொல்ல வேண்டியவற்றுள் எதுவும் இங்கு விடுபடவில்லை. எந்த ஊரார், என்ன விற்பவர், யார் என்பன தெரிந்துவிடுகின்றன.

இவை வெளியார்க்குச் சொன்னவை. தம் ஆட்களுக்குள் அவர்கள் எழுதிக்கொண்டவை பெரும்பாலும் ஓலையில் இருந்திருத்தல் வேண்டும். அவை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாயின. தப்பியவை மட்பாண்டத் துண்டுகள். கொடுமணல், அரிக்கமேடு, அழகன்குளம், கீழடி ஆகிய இடங்களில் பெயர் பொறித்த ஓடுகள் பல கிடைத்துள்ளன. அவற்றின் உறவினர் போன்ற ஓடுகள் கடல் கடந்தும் கிடைத்திருப்பதே இங்குக் கருதத்தக்கது. எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் கணன், சாதன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயருண்டு என்பதை அறிந்தவர்க்குச் சாதன் என்னும் பெயர் அயலாகத் தோன்றாது. அதே துறையில் பின்னர்க் கிடைத்த சாடியொன்றின் ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதப்பட்டிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது அதன் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில், பாலைநிலத்துத் துறையொன்றில், யாரோ ஒரு தமிழர் தம்முடன் இருந்த தமிழர்க்காக எழுதியது அது. யவனர் அதைப் படிக்க வேண்டிய தேவை இல்லை. படிக்க வேண்டியவர்க்கு அவ்விரு சொல்லே போதும்.

தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் கிடைத்த சிறு கல்லும் இவ்வகையினதே. பொன்னின் மாற்றறியும் உரைகல் அது, கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது. 'பெரும்பத்தன் கல்' என்று அதில் பொறித்துள்ளது. கருவியின் மேல் உரியவன் பெயர் இருந்தால் தொழிற்கூடத்தில் வழக்கு எழாது.

அதே கடல்வணிகத்தின் மறுமுனையில் எழுத்தின் நடை முற்றிலும் மாறுகின்றது. வியன்னாவில் பாதுகாக்கப்பெறும் முசிறி பாப்பிரசு கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பெற்ற ஆவணம். சரக்கைச் செங்கடற் கரையிலிருந்து ஒட்டகத்தில் ஏற்றிப் பாலையைக் கடந்து நைல் ஆற்றுக்கும், அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியாவுக்கும் கொண்டு சேர்ப்பது; அங்குச் சுங்கப் பண்டகசாலையில் கடன் கொடுத்தவர் முத்திரையின்கீழ் வைப்பது; நான்கில் ஒரு பங்கு தீர்வை செலுத்துவது என ஒவ்வொரு படியும் அதில் எழுதப்பட்டுள்ளது. பின்புறத்தில் ஹெர்மபொல்லான் என்னும் கப்பலில் வந்த கங்கைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம் முதலியவற்றின் எடையும் மதிப்பும் கணக்கிடப்பட்டுள்ளன. கடன் தந்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் முழுதும் நம்பியிருப்பின் இத்தனை எழுத வேண்டியதில்லை. உறிப்பானைக்கு இரு சொல் போதுமாயிருந்ததும், கடன் உடன்படிக்கைக்கு ஒரு சுருளே தேவைப்பட்டதும் ஒரே காரணத்தால்தான். நம்பிக்கை குறையும் இடத்தில் எழுத்து நீள்கின்றது.

சோழர் காலத்தில் ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழு தென்னாடெங்கும் பரவியது. இன்றைய கருநாடகத்து ஐஹொளெயைத் தம் தாயகமாக அவர்கள் போற்றினர். அவ்வூர், கி.பி. 634இல் இரவிகீர்த்தி எழுப்பிய சமணக் கோயிலால் நம்மவர்க்கு முன்பே அறிமுகமானது. கன்னடத்திலும் தமிழிலும், ஈழம் வரையிலும் இவர்களின் கல்வெட்டுகள் ஏறத்தாழ ஒரேவகைப் புகழுரையுடன் தொடங்குகின்றன. ஆய்வாளர் இதனை வெற்று ஆரவாரம் எனத் தள்ளிவிடுவதுண்டு, அது பொருந்தாது. முகவரியும் முத்திரையும் அச்சிட்ட கடிதத்தாள் இன்று செய்யும் வேலையையே அது செய்தது. இச்சொல் எந்தக் குழுவினுடையது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பிரான்மலையிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலோ புகழுரையைத் தொடர்ந்து நடைமுறை வருகின்றது. உப்பு, நெல், பாக்கு, மிளகு எனச் சரக்குகள் பெயர் கூறப்பட்டுப் பொதிக்கு இவ்வளவு என்று கோயிலுக்குரிய மகமை குறிக்கப்படுகின்றது.

இக்குழுவின் குரலை மிகத் தொலைவில் கேட்குமிடம் சுமத்திராவின் மேற்குக் கரை. கருப்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாரூசுத் துறையை அடுத்த லோபு துவாவில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல், சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஆம் ஆண்டினது. துறையின் பெயர் அதில் வாரோசு என வருகின்றது. சிதைவுகள் உளவெனினும் சாரம் தெளிவாகவே உள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் அங்குக் கூடினர். மரக்கல நாயனும் கேவிகளும் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு, பொன்னாகத் தீர்வை செலுத்திய பின்னரே பாவாடையில் ஏற வேண்டும் என்று முடிவு செய்தனர். பாவாடை இங்கே தரையில் விரித்த துணி. நடைபாவாடை என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. கப்பலிலிருந்து இறங்குபவர் கால்வைக்கும் இடத்திலேயே கட்டளையும் நடப்பட்டது என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தொகை இவ்வளவு என்று எழுதாமல் கத்தூரி விலையை அளவாக வைத்தமையும் வணிகர் நுட்பமே. விலை மாறினாலும் கல்லைத் திருத்த வேண்டாம். கட்டளை முடிந்தபின், அறத்தை மறவாதிருக்குமாறு ஒரு நினைவூட்டலும் உண்டு. கேட்பவர் தம் குழுவினரே ஆதலின் தமிழில் மட்டும் எழுதினர்.

சீனத்துக் குவான்சௌ துறைமுகத்தில் நிலைமை வேறு. குப்ளாய்கான் ஆட்சியில், 1281ஆம் ஆண்டுச் சித்திரைத் திங்களில், அங்கு எழுந்த சிவன்கோயில் பற்றிய கல்வெட்டு தமிழில் அமைந்துள்ளது. கானின் ஆணைப்படி அவர் உடல்நலத்தின் பொருட்டு இறைவனை எழுந்தருளச் செய்த செய்தி தமிழ் வரிகளில் விரிவாக உள்ளது. அதன் அடியில் சீன எழுத்தில் ஒரே ஒரு வரி பொறித்துள்ளனர்.