கேம்பிங் கத்தி வாங்கப் போறீங்களா? முதல்ல கைப்பிடியைப் பாருங்க!

பாண்டிச்சேரி கடலோரம் டென்ட் போட பிளான் பண்றவங்க, கத்தி வாங்கும்போது பிளேடு பளபளப்பைத்தான் பார்க்கிறாங்க. ஈரக்கை வழுக்கி விரல் பிளேடு மேல போயிட்டா? அதனால், கைப்பிடிதான் முக்கியம். சொரசொரப்பான ரப்பர் பிடி, விரல் முன்னால் நழுவாதபடி ஒரு தடுப்பு, ரெண்டும் இருக்கணும். பிளேடின் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை ஒரே துண்டாகப் போகிறதா என்று கேளுங்க. இதைத்தான் 'ஃபுல் டேங்' என்கிறார்கள். சுள்ளி பிளக்கும்போது பிடி லேசில் கழலாது.

பிரான்ஸில் 1890-ல் பிறந்த ஓப்பினெல் அழகுதான். ஆனா, அது மடக்குக் கத்தி, விறகுக்கு ஆகாது.

பிளேடு 4 இன்ச் போதும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிற நம்மூர் அரிவாள் மாதிரி கார்பன் ஸ்டீல் என்றால் தீட்டுவது சுலபம். ஆனா, உப்புக்காத்துல சீக்கிரம் துருப்பிடிக்கும். பாண்டிக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. அதையும் கடல்தண்ணி பட்டா நல்ல தண்ணியில் கழுவித் துடைக்கணும். ஈரத்தோடு தோல் உறைக்குள் போடவே போடாதீங்க.

9 இன்ச்சுக்கு மேல் நீளமோ, 2 இன்ச்சுக்கு மேல் அகலமோ இருந்து, வீட்டு, விவசாய வேலைக்கானதாக இல்லாவிட்டால் ஆயுதச் சட்ட விதிகளில் அது ஆயுதம். கெத்துக்காக வாங்கிடாதீங்க!