தற்காப்பும் தொண்டர் படையும்: இலங்கை அனுபவம் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

‘தொண்டர்’ என்னும் சொல்லுக்குத் தமிழ் இலக்கிய மரபிலே நீண்டதொரு வரலாறு உண்டு. சேக்கிழாரின் பெருநூலுக்குத் திருத்தொண்டர் புராணம் என்பது மற்றொரு பெயர். ஊதியம் கருதாது உள்ளம் உவந்து செய்யும் பணியே தொண்டு என்பது அம்மரபு நமக்களித்த பொருளாகும். இருபதாம் நூற்றாண்டிலே இந்திய தேசிய இயக்கத்தின் வழி இச்சொல் அரசியற் பொருளொன்றைப் பெற்றது. மறியலுக்கும் சிறைக்கும் தாமே முன்வந்தோர் தொண்டராயினர். ஆயின் இலங்கைத் தமிழில் இதே சொல் முற்றிலும் வேறான ஒரு நிறுவனத்துக்கும் பெயராயிற்று. குடியேற்ற அரசு சீருடையும் துப்பாக்கியும் கொடுத்துப் பயிற்றிய பகுதிநேரப் படையையும் நாம் தொண்டர் படை என்றே வழங்கலானோம்.

‘தற்காப்பு’ என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. ஒருவன் தன்னைக் காப்பதற்காகச் சிலம்பம் பயிலும்போது ‘தன்’ என்பது யாரைக் குறிக்கின்றது என்பதில் ஐயம் எழுவதில்லை. அவனே அரசின் படையிற் சேர்ந்து நாட்டின் தற்காப்புக்கெனப் பயிலும்போது அந்தத் ‘தன்’ யார்? நாடா? அரசா? அன்றி அரசைத் தன் வசம் வைத்திருக்கும் வர்க்கமா? இலங்கைத் தொண்டர் படையின் வரலாற்றிலே 1881ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரை முனைப்பாகத் தெரியும் சில சந்தர்ப்பங்களைக் கொண்டு இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். படையின் முழு வரலாற்றைக் கூறுதல் ஈண்டுக் கருதப்படவில்லை.

1

இலங்கைத் தொண்டர் படையின் மூலத்தை 1859ஆம் ஆண்டின் பிரித்தானியாவிலே தேட வேண்டும். மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வருவான் என்ற அச்சம் பரவிய அவ்வாண்டில் அங்கு தொண்டர் படை இயக்கம் தோன்றியது. தொடக்கத்தில் அதிற் சேர்வோர் ஆயுதத்தையும் உடையையும் தம் செலவிலேயே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே நாட்டைக் காக்கும் ‘உரிமை’ பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்தினருக்கே உரியதாயிற்று. அக்காலத்தில் மான்செஸ்ரரில் வாழ்ந்த ஏங்கெல்ஸ் இவ்வியக்கத்தைக் கூர்ந்து அவதானித்தார். தொண்டர்களுக்கென நடத்தப்பட்ட பத்திரிகையொன்றிலே அவர் எழுதிய கட்டுரைகள் 1861இல் நூலுருவும் பெற்றன. 1849இல் ஜேர்மனியின் பாடன் பகுதியில் ஆயுதமேந்திப் போராடிய அவருக்குப் போர்க்கலை வெறும் வெறுப்புக்குரிய பொருளாக இருக்கவில்லை; ஆழ்ந்து கற்கவேண்டிய ஒரு துறையாகவே இருந்தது. ஆயுதப் பயிற்சியை ஒழுக்கவியல் நோக்கில் மட்டும் மதிப்பிடாது சமூக உறவுகளின் அடிப்படையில் மதிப்பிட முயல்வோருக்கு இது மனங்கொள்ளத்தக்க முன்னுதாரணமாகும்.

பிரித்தானிய இயக்கத்தின் எதிரொலி இலங்கையிலும் கேட்டது. தொண்டர் அணிகளை அமைப்பதற்கு இடமளிக்கும் கட்டளைச் சட்டம் 1861இல் நிறைவேறியது. எனினும் நிலையான அணியொன்று உருவாக மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில், 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குவதற்குப் பயன்பட்ட, மலாய் வீரரைப் பெரிதும் கொண்டிருந்த இலங்கை றைபிள் றெஜிமென்ட் 1870களிற் கலைக்கப்பட்டது. முழுநேரச் சம்பளப் படையைப் பேணுதல் செலவுமிக்கது. அவ்விடத்தைக் குறைந்த செலவில் ஓரளவு நிரப்பக்கூடியதாக, தேசாதிபதி லோங்டன் காலத்தில் 1881 ஏப்ரல் 1ஆந் திகதி இலங்கை இலகு காலாட் தொண்டர் படை அமைக்கப்பட்டது.

2

இப்படையின் வளர்ச்சி தோட்டப் பொருளாதாரத்தின் வளர்ச்சியோடு இணைத்து நோக்கற்பாலது. 1888இற் பீரங்கித் தொண்டர் அணியும், 1892இற் குதிரைப் பிரிவும், 1900இல் தோட்டத்துரைமார் றைபிள் படையும் தோன்றின. 1910இல் இவை யாவும் இலங்கைப் பாதுகாப்புப் படை என்னும் பொதுப்பெயரின் கீழ் வந்தன. இலகு காலாட் படையில் ஐரோப்பியரோடு சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாயர் ஆகியோரும் இடம்பெற்றனர். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டத்துரைமார் படையோ ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

மலைநாட்டின் சமூக அமைப்பை நினைவிற் கொண்டால் இதன் பொருள் தெளிவாகும். தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டு லயன்களில் அடைக்கப்பட்டிருந்த தமிழ்த் தொழிலாளர் இலட்சக்கணக்கினர். அவர்கள் நடுவே, ஒருவர்க்கொருவர் பல மைல் தூரத்திலே, பங்களாக்களில் வாழ்ந்த துரைமார் மிகச் சிலர். அத்துரைமாருக்கு வாரவிடுமுறைப் பயிற்சியும் குறிபார்த்துச் சுடும் போட்டியும் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. தொழிலாளி பெயர் பதிவதற்குப் பிரட்டுக்களத்திலே நிற்க, துரை அணிவகுப்பு மைதானத்திலே நின்றான். ஒரே உற்பத்தி முறையின் இரு முகங்கள் இவை. தோட்டத்தின் செல்வத்தை உண்டாக்கியவன் அதன் தற்காப்புக்குரியவனாகக் கருதப்படவில்லை. எவரிடமிருந்து காக்க வேண்டுமோ அவருள் ஒருவனாகவே கருதப்பட்டான்.

சுதேச மேட்டுக்குடியினரின் நிலை வேறு. 1881இலேயே கொழும்பு றோயல் கல்லூரியில் மாணவர் படைப் பயிற்சி தொடங்கிற்று. 1902இல் பாடசாலை மாணவர் படைப்பிரிவு அமைந்தது. ஆங்கிலக் கல்வி, கிரிக்கெட், சீருடை ஆகிய மூன்றும் ஒரே வார்ப்பின் உறுப்புகளாயின. சட்டத்தரணியின் மகனும் காரீயச் சுரங்க உரிமையாளரின் மகனும் தொண்டர் படையிற் சேர்ந்தபோது அவர்களை ஈர்த்தது வருவாயன்று. ஆள்வோருடன் சமமாக நிற்கிறோம் என்ற நம்பிக்கையே. 1900இல் இலங்கையிலிருந்து தொண்டர் அணியொன்று தென்னாபிரிக்காவுக்குச் சென்று போயருடன் பொருதது. போயர்க் கைதிகள் தியத்தலாவை முகாமுக்குக் கொணரப்பட்டனர். இலங்கைக்கு எவ்விதத் தீங்கும் செய்திராத ஒரு மக்கட்கூட்டத்துக்கெதிராக நடத்தப்பட்ட போரும் ‘பாதுகாப்பு’ என்றே கொள்ளப்பட்டமை, அச்சொல் எவருடைய அகராதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றது.

3

மேற்கூறிய நம்பிக்கை 1915இல் உடைந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியில் மூண்ட கலவரம் சில நாட்களில் மேல், தென், வடமேல் மாகாணங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர், பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. போர்க்கால விலையேற்றம், சிங்கள வணிகருக்கும் கரையோர முஸ்லிம் வணிகருக்குமிடையிலான போட்டி, மதுவிலக்கு இயக்கத்தின் வழி எழுந்த பௌத்த எழுச்சி ஆகியன இதன் பின்னணிக் காரணிகளாம். கொழும்பிலே புகையிரதத் தொழிலாளர் இதில் வகித்த பங்கினைக் குமாரி ஜயவர்த்தனா தமது ஆய்வுகளிற் புலப்படுத்தியுள்ளார். உழைப்போரின் உண்மையான மனக்குறைகள் மற்றொரு சமூகத்து எளிய கடைக்காரர் மீது திருப்பிவிடப்பட்டமை இந்நாட்டு வரலாற்றில் அதுவே இறுதி முறையன்று.

தேசாதிபதி சாமர்ஸ் ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். தாக்கப்பட்டோருக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்ட முதல் நாட்களில் அரசு தடுமாறி நின்றது. கலவரம் தணியத் தொடங்கிய பின்னரே அதன் துப்பாக்கிகள் முழு வேகத்துடன் இயங்கின. பஞ்சாப் படையினரோடு, ஆயுதந்தரித்த ஐரோப்பியத் தொண்டர்களும் தோட்டத்துரைமாரும் ஊர்ப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். விசாரணையின்றி மனிதர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இராணுவச் சட்டம் ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. இக்காலத்தில் நிகழ்ந்த செயல்களுக்காக அதிகாரிகளும் படையினரும் நீதிமன்றுக்கு இழுக்கப்படாதவாறு அவ்வாண்டிலேயே காப்பீட்டு ஆணையொன்று பிறப்பிக்கப்பட்டது. சுட்டவனின் தற்காப்புக்கு இவ்வாறு சட்டமும் அரணாயிற்று.

இச்சூழலிலேயே ஹென்றி பேதிரிஸின் கதை பொருள் பெறுகிறது. செல்வந்த வணிகக் குடும்பத்தில் 1888இற் பிறந்த இவர் கொழும்பு நகரக் காவற் படையிலே தொண்டராகச் சேர்ந்து அதிகாரி நிலைக்கு உயர்ந்தவர். கலவரத்தைத் தூண்டினார் என்பது முதலான குற்றச்சாட்டுகளின் பேரில் இராணுவ மன்று அவரை விசாரித்தது. மேன்முறையீட்டுக்கு இடமிருக்கவில்லை. 1915 ஜூலை 7ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. எந்த அரசின் சீருடையை விரும்பி அணிந்தாரோ அந்த அரசே அவரது உயிரைப் பறித்தது.

பேதிரிஸைத் தேசியத் தியாகியாகப் போற்றும் மரபு பின்னர் வளர்ந்தது. அதனை மறுப்பது நமது நோக்கமன்று. ஆயின் அவர் மரணம் புலப்படுத்தும் சமூக உண்மை வேறொன்று. குடியேற்ற அரசு சுதேச முதலாளி வர்க்கத்தின் மகனுக்குப் பட்டயத்தை அளித்தது, நம்பிக்கையை அளிக்கவில்லை. பொன்னம்பலம் இராமநாதன் இங்கிலாந்து சென்று முறையிட்டதும், 1916இல் லண்டனில் நூல் வெளியிட்டதும் இராணுவச் சட்டக் கொடுமைகளை உலகறியச் செய்தன. அதே வேளை, தாக்கப்பட்ட முஸ்லிம் மக்களின் துயருக்கு அவர் உரிய இடம் அளிக்கவில்லை என்ற குறையும் நியாயமானதே. மேட்டுக்குடியினரின் காயம் பேசப்பட்டது. கடையிழந்தவனும், ஊர்ப்புறத்தில் வழக்கின்றிச் சுடப்பட்ட பெயரறியா விவசாயியும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

4

இரண்டாம் உலகப் போரின்போது தொண்டர் அணிகள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டன. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. ஏகாதிபத்தியம் வெல்லமுடியாதது என்ற எண்ணம் மக்கள் மனதிலே தகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. ஏப்ரல் 7ஆந் திகதி லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பியமையும் இக்காலத்து நிகழ்ச்சியே.

இதற்கு ஒரு மாதத்தின் பின், மே 8ஆந் திகதி இரவு, கொக்கோஸ் தீவுகளைச் சேர்ந்த ஹோர்ஸ்பர்க் தீவிலே இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். கிரேஷன் பெர்னாண்டோ என்ற இளைஞர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். பிரித்தானிய அதிகாரியைச் சிறைப்பிடித்துத் தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதே திட்டம். அது தோல்வியுற்றது, கிளர்ச்சியில் இணையாத இலங்கை வீரர் ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பெர்னாண்டோவும் வேறிருவரும் வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டனர். அப்போரில் இராணுவக் கிளர்ச்சிக்காக மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாய வீரர் இம்மூவரே.

இந்நிகழ்ச்சியை மிகைப்படுத்திப் புகழ்தலும் தவறு, புறக்கணித்தலும் தவறு. ஓர் ஏகாதிபத்தியத்தை வெறுத்தவர்கள் மற்றோர் ஏகாதிபத்தியத்தை மீட்பராகக் கண்டமை அவர்தம் அரசியல் உணர்வின் வரையறையைக் காட்டுகிறது. ஆனால் பயிற்சி பெற்ற கையும் சிந்திக்கும் மனமும் ஒரே உடலில் உள்ளன என்பதையும் அது காட்டுகிறது. சீருடை ஒருவனது வர்க்க உணர்வையோ தேசிய உணர்வையோ முற்றாக அழித்துவிடுவதில்லை. படையினர் யாவரையும் அரசின் உயிரற்ற கருவிகளெனக் கொள்ளும் எளிமைப்படுத்திய முற்போக்குப் பார்வை இவ்விடத்தே திருத்தம் பெறவேண்டும்.

5

சுதந்திரத்தின் பின் 1949இல் இலங்கை இராணுவம் அமைந்தது. தோட்டத்துரைமார் படை மறைந்தது. தொண்டர் படை புதிய அரசின் உறுப்பாகத் தொடர்ந்தது. ஆட்சியாளரின் நிறம் மாறியதால் ‘தன்’ என்பதன் பொருள் மாறிற்றா? 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் ஆளும் வர்க்கத்தைக் கலங்கச் செய்தது. அதன்பின் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலை இலகு காலாட் படையில் நெடுங்காலம் தொண்டர் அதிகாரியாக இருந்தவர். அவரது ஆட்சியில், 1955இல், புகையிரத ஊழியரையும் தபால் தந்தி ஊழியரையும் கொண்டு தொண்டர் அணிகள் அமைக்கப்பட்டன. வேலைநிறுத்தம் வந்தால் இராணுவ ஒழுங்கின் கீழ்ச் சேவைகளை நடத்துவதே நோக்கம். தொழிலாளி தன் தோழனின் போராட்டத்தை முறியடிக்கத் தானே பயிற்றப்பட்டான். இடதுசாரிகளின் ஆதரவோடு 1956இற் பதவியேற்ற பண்டாரநாயக்கா அரசு இவ்வணிகளைக் கலைத்தமை அவற்றின் தன்மைக்கு மறைமுகச் சான்றாகும்.

1962 ஜனவரி 27ஆந் திகதி முறியடிக்கப்பட்ட சதியும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. தொண்டர் படையின் தலைமை அதிகாரி மொரிஸ் டி மெல், துணைத் தலைமை அதிகாரி எப். சீ. டி சேரம் ஆகிய இரு கேணல்களும் அதன் முன்னணியில் இருந்தனர். ஆங்கிலக் கல்வி பெற்ற, பெரும்பாலும் கிறித்தவரான மேட்டுக்குடியினர் தமது பழைய செல்வாக்குச் சரிவதைத் தடுக்க முனைந்தனர். சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் அதில் ஒன்றுகூடினர் என்பது சிந்தனைக்குரியது. இனங்கடந்த ஒற்றுமை ஆளும் வர்க்கத்துக்கு அரிதான பொருளன்று. சதியோடு தொடர்புபடுத்தப்பட்ட தொண்டர் அணிகள் சில அவ்வாண்டிலேயே கலைக்கப்பட்டன.

பிற்கால நிகழ்ச்சிகள் தனி ஆய்வுக்குரியன. 1980களில் ஊர்காவற் படையினர் என்ற பெயரிற் கிராமத்தவர் ஆயுதபாணிகளாக்கப்பட்டபோது தற்காப்பு என்பது இன எல்லைகளின் வழி வகுக்கப்பட்டது. 2006இல் அப்படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. 2009இன் பின்னர், போரில் யாவற்றையும் இழந்த வன்னியிலே முன்பள்ளி ஆசிரியைகளும் பண்ணைத் தொழிலாளரும் மாதச் சம்பளத்துக்காக அதே திணைக்களத்தில் இணைந்தனர். வேறு தொழில் இல்லாத இடத்திலே ‘தானே முன்வருதல்’ என்பதன் பொருள் யாது என்பதை அவ்வாசிரியைகளிடம் கேட்டறிதல் நமது கடமை. அவர்களைப் பழித்தல் நமது உரிமையன்று.

தற்காப்பு மக்களின் இயல்பான தேவை. 1915இல் எரியும் கடைக்குள் நின்ற முஸ்லிம் வணிகனுக்கும், 1958இலும் 1977இலும் 1983இலும் வீடிழந்து ஓடிய தமிழ்க் குடும்பத்துக்கும் அத்தேவை நூற்கருத்தாக இருக்கவில்லை. எனவே ஆயுதப் பயிற்சி நல்லதா தீயதா என்ற வினா நம்மை நெடுந்தூரம் இட்டுச் செல்லாது. பயிற்சியை அளிப்பவர் யார், அதிலிருந்து விலக்கப்படுவோர் யார், துப்பாக்கி எத்திசை நோக்கி நீட்டப்படுகிறது என்பனவே கேட்கவேண்டிய வினாக்கள். நாம் ஆராய்ந்த எண்பது ஆண்டுக் காலத்திலே தேயிலைக் கொழுந்து பறித்தவளும் தண்டவாளம் பதித்தவனும் அந்தத் ‘தன்’ என்னும் சொல்லுக்குள் ஒருநாளும் அடங்கவில்லை. அவர்களை உள்ளடக்கிய ஒரு சமூகம் உருவாகும்போதே தற்காப்பும் தொண்டும் தம் உண்மைப் பொருளைப் பெறும்.