வைக்கோல் புகைக்குக் கணக்கு எழுதிய கதை



2023 ஜூன் மாதம் கியூபெக் காட்டுத்தீயின் புகை ரொறன்ரோவை மூடிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டு யன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு இருந்தோம். காற்றின் தரச் சுட்டெண்ணைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, புகையை ஆர் எண்ணுறது?" என்று கேட்டாள். கணக்காளனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். விடை தேடப் போய், நான் வந்து நின்ற இடம் இந்தியாவின் பஞ்சாப் நெல்வயல்கள்.

எங்களுக்குச் சில நாட்கள் வந்துபோன புகை, தில்லி மக்களுக்கு ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் வருவது. பஞ்சாபில் வருடத்துக்குச் சுமார் 2 கோடி தொன் வைக்கோல் சேர்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நாற்று நடுகையை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. அறுவடையும் பிந்தியது. கோதுமை விதைக்க இரண்டு, மூன்று கிழமைதான் மிச்சம். வயலில் நிற்கும் தாளை அகற்ற விவசாயிக்கு மலிவான வழி தீக்குச்சி.

இந்தப் புகைக்கு முதலில் கணக்கு வழி சொன்னவர்களில் முக்கியமானவர்கள் வொல்ஃப்காங் சைலரும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும். 1980இல் அவர்கள் எழுதிய வழி எளிமையானது. எரிந்த பரப்பு, அதில் இருந்த பயிரின் நிறை, அதில் எரிந்துபோன பங்கு ஆகியவற்றைப் பெருக்கினால் எரிந்த நிறை வரும். ஒரு கிலோ எரிந்தால் எவ்வளவு புகை என்பதால் அதைப் பெருக்கினால் விடை.

அந்தக் கடைசி எண்ணை அன்ட்ரேயே, மெர்லே இருவரும் 2001இல் தொகுத்தார்கள். ஒரு தொன் பயிர்க்கழிவு எரிந்தால் காபன் மொனொக்சைட்டு 92 கிலோ; நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகள் ஏறக்குறைய 4 கிலோ. ஆனால் அந்த 92க்குப் பக்கத்தில் "கூடக் குறைய 84" என்றும் எழுதியிருக்கிறார்கள்! காய்ந்த வைக்கோல் சுவாலைவிட்டு எரியும்; ஈர வைக்கோல் புகைந்து நச்சைக் கூட்டும். எங்கள் தொழிலில் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்தால் வேலை போய்விடும். ஆனாலும் தெரியாததை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

பிறகு செய்மதிகள் வந்தன. 1999இல் ரெறா, 2002இல் அக்வா, 2011இல் சுவோமி. வயலில் எரியும் தீயை வானத்திலிருந்தே எண்ண முடிந்தது. 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வைக்கோல் எரிப்பதைத் தடைசெய்தது. 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பாகியது. பஞ்சாபில் 2020 பருவத்தில் 83,002 ஆக இருந்த தீ எண்ணிக்கை, 2024இல் 10,909 ஆக இறங்கியது. எட்டில் ஒரு பங்கு!

ஆனால் 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் சுட்டெண் 490ஐத் தாண்டியது. வாகனம், தொழிற்சாலை, தூசி, அசையாத குளிர்காற்று எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. இருந்தாலும் எட்டில் ஏழு பங்கு தீ எங்கே போனது?

கொழும்பில் நான் கணக்காய்வு பழகிய காலத்துச் சம்பவம் ஒன்று. ஒரு கடையில் வெள்ளிதோறும் பகல் ஒரு மணிக்குக் காசு எண்ணுவோம். ஒருநாளும் ஒரு சதம் குறையாது. ஒருமுறை மழையில் அகப்பட்டுப் பின்னேரம் நாலு மணிக்குப் போனோம். பெட்டியில் பாதிக் காசு இல்லை!

அக்வாவும் சுவோமியும் பகல் ஒன்றரை மணியளவில்தான் பஞ்சாபைக் கடந்தன. நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜெத்வா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் தென்கொரியச் செய்மதியைப் பார்த்தபோது, தீ பின்னேரத்துக்கு நகர்ந்திருந்தது தெரிந்தது. கருகிய நிலத்தின் பரப்பை அளந்தவர்களும் அதையே கண்டார்கள். எரிப்பு குறைந்தது உண்மை. ஆனால் தீ எண்ணிக்கை காட்டிய அளவுக்குக் குறையவில்லை.

நேயர்களே, இது வெறும் எண்விளையாட்டல்ல. கணக்குப் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். தீ அணைந்துவிட்டது என்று நம்பினால், வைக்கோலை அகற்ற விவசாயிக்குக் கொடுக்கவேண்டிய உதவி நின்றுபோகும். தில்லிப் பிள்ளைகள் இருமிக்கொண்டே இருப்பார்கள். மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஆர் எண்ணுறது எண்டது மட்டுமில்லை பிள்ளை, எத்தனை மணிக்கு எண்ணுறது எண்டும் கேள்."