துரோகி

‘த்ருஹ்’ என்ற வடமொழி வேருக்குத் தீங்கு செய்தல், பகைத்தல் என்று பொருள். ஆக, செயல் இன்றித் துரோகம் இல்லை. 1975இல் யாழ் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டபோது ‘துரோகி’ என்பதே விசாரணையில்லாத தீர்ப்பாயிற்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது அந்தப் பழி ஒரு சமூகம் முழுவதன்மேலும் விழுந்தது. யாழ் நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னாரிலிருந்து படகேறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளம் மாவட்டமே பெரும்பாலோருக்குப் புகலிடமானது.

காட்டிக்கொடுத்தவர்கள் சிலர் இருந்தார்களே என்பர். இருந்திருந்தாலும் குற்றம் அவரவருடையது. தொட்டில் குழந்தை யாரைக் காட்டிக்கொடுத்தது? 2009இல் போர் முடிந்த பின்னும், மாற்றுக் கட்சிக்கு வாக்களித்தவரை இதே சொல்லால் ஏசுகிறோம். வாக்கு உரிமை, தீங்கு அல்ல. செய்த தீங்கு இன்னதென்று காட்ட முடியாதபோது எவரையும் இப்படி அழைக்காதீர்கள்.